குவிமாடத்தை அடைத்த பனி

2010 மே 7, இரவு. லூசியானா கரையிலிருந்து 60 கி.மீ.க்கும் அப்பால், மெக்சிகோ வளைகுடாவில் நின்றிருந்த ஒரு கப்பல், சுமார் 100 டன் எடையுள்ள எஃகுக் குவிமாடத்தைக் கடலுக்குள் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தது. நான்கு மாடி உயரமுள்ள குவிமாடம் அது. கீழே 1,500 மீட்டர் ஆழத்தில், ஏப்ரல் 20 அன்று வெடித்துச் சிதறிய 'டீப்வாட்டர் ஹொரைசன்' துரப்பண மேடையின் உடைந்த குழாய் எண்ணெயையும் வாயுவையும் கக்கியபடி கிடந்தது. அந்த வெடிப்பு 11 தொழிலாளர்களின் உயிரைக் குடித்திருந்தது. கசிவின் மேல் குவிமாடத்தைக் கவிழ்த்து, அதன் உச்சித் துளையில் குழாயைப் பொருத்தி, வருகிற எண்ணெயை மேலே நிற்கும் கப்பலுக்கு ஏற்றிவிடுவது என்பது திட்டம்.

கவிழ்ப்பதற்குள் குவிமாடம் அடைபட்டுவிட்டது. உள்ளே புகுந்த வாயு கடல்நீரோடு சேர்ந்து, பனிக்கூழ் போன்ற வெள்ளைப் பொருளாக உறைந்து உச்சித் துளையை மூடியது. அந்தப் பொருளும் நீரைவிட லேசானது. அதற்குக் கீழே சிறைப்பட்ட எண்ணெயும் வாயுவும் நீரைவிட லேசானவை. 100 டன் எஃகு மிதக்கத் தொடங்கியது. எரியக்கூடிய சரக்கைச் சுமந்த அந்தக் கூடு, தலைக்கு மேல் குழுமியிருந்த கப்பல்களை நோக்கி எழுந்தால் என்ன ஆகும் என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். நல்வாய்ப்பாக அதை மெல்ல நகர்த்திக் கடல்தரையில் ஓரமாக உட்காரவைத்தார்கள். உலகமே தொலைக்காட்சியில் எதிர்பார்த்துக் காத்திருந்த மீட்பு முயற்சி அத்தோடு முடிந்தது. கிணற்றின் வாயை அடைக்க ஜூலை 15 வரை ஆயிற்று.

அந்த வெள்ளைப் பொருளின் பெயர் வாயு ஹைட்ரேட். அமெரிக்க அதிபர் அமைத்த விசாரணைக் குழு 2011 ஜனவரியில் தந்த அறிக்கையில் இதைப் பற்றி ஒரு விவரம் இருக்கிறது. ஹைட்ரேட் வரும் என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. குவிமாடம் கசிவின் மேல் உட்கார்ந்த பிறகு அதை எப்படிச் சமாளிப்பது என்றுதான் யோசித்திருந்தார்கள். இறக்கும்போதே, அதுவும் குவிமாடத்துக்குள்ளேயே உறையும் என்று எண்ணவில்லை. வேதியியல் தெரிந்தவர்கள் இருந்தார்கள், தடுப்பு மருந்தும் இருந்தது. திட்டத்தில் அவற்றுக்குக் கொடுத்த இடம்தான் தவறு. ஆழ்கடலில் எண்ணெயும் வாயுவும் எடுக்கத் தொடங்கிவிட்ட இந்தியா, அந்த இரவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே: ஹைட்ரேட் தடுப்பு திட்டத்தின் பின்னிணைப்பில் கிடக்கக் கூடாது, முதல் பக்கத்துக்கு வர வேண்டும்.

ஹைட்ரேட் பனிக்கட்டியின் தாயாதி. இரண்டும் நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து உருவாகும் படிகங்கள். பனிக்கட்டியில் அவை அறுகோண அடுக்குகளாக நிற்கும். ஹைட்ரேட்டிலோ கூண்டு கூண்டாக வளைந்து பின்னிக்கொள்ளும். மிகச் சிறிய கூண்டில் 20 நீர் மூலக்கூறுகள், 12 ஐங்கோண முகங்கள். கூடை முடைகிறவர் நடுவில் ஒரு குடத்தை வைத்துச் சுற்றி முடைவதுபோல, நடுவில் மீத்தேனோ ஈத்தேனோ கார்பன் டை ஆக்சைடோ இருந்தால்தான் இத்தகைய கூண்டு உருப்பெறும். வாயு இல்லாத வெறுங்கூண்டு நிலைக்காது, குலைந்துவிடும். விருந்தாளி இருக்கும்வரை மட்டுமே நிற்கிற வீடு. வேதியியலாளர்களும் அந்த வாயுவை 'விருந்தினர் மூலக்கூறு' என்றே அழைக்கிறார்கள்.

வாயுவுக்கும் நீருக்கும் இடையே இங்கே வேதிப்பிணைப்பு எதுவும் கிடையாது. கூண்டு திறந்தால் மீத்தேன் மீத்தேனாகவே வெளியேறும், நீர் நீராகவே வடியும். ஆனால் அடைப்பு மிக நெருக்கமானது. ஒரு கனமீட்டர் மீத்தேன் ஹைட்ரேட்டை உருக்கினால் 0.8 கனமீட்டர் நீரும், சாதாரண அழுத்தத்தில் சுமார் 164 கனமீட்டர் வாயுவும் கிடைக்கும். தீக்குச்சியைக் காட்டினால் பனிக்கட்டி எரிவதுபோலத் தோன்றும் படங்களின் ரகசியம் இதுதான்.

இது உருவாக நான்கு பொருத்தங்கள் சேர வேண்டும்: நீர், வாயு, குளிர், அழுத்தம். இதில் குளிர் என்றால் உறைகுளிர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தூய மீத்தேனுக்கு 0 டிகிரி செல்சியஸில் சுமார் 26 மடங்கு வளிமண்டல அழுத்தம் போதும். 10 டிகிரியில் 70 மடங்கு வேண்டும், 20 டிகிரியில் ஏறக்குறைய 200. கொஞ்சம் புரோப்பேன் கலந்திருந்தால் தேவையான அழுத்தம் வெகுவாக இறங்கிவிடும். பூமிக்கடியிலிருந்து வரும் இயற்கை வாயுவில் புரோப்பேன் கலந்திருப்பது வழக்கம். மெக்சிகோ வளைகுடாவில் அந்த ஆழத்தில் கடல்நீர் 4, 5 டிகிரியில் இருக்கும், அழுத்தம் 150 மடங்கு. நான்கு பொருத்தமும் கூடிவந்த இடம் அது.

ஆய்வுக்கூடத்தில் இந்தப் படிகம் முதலில் கண்ணில் பட்டது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். குளோரின் கரைந்த நீர், நீரின் உறைநிலைக்கு மேலேயே கெட்டியாவதை ஹம்ப்ரி டேவி 1811இல் எழுதிவைத்தார். 1823இல் மைக்கேல் ஃபாரடே அந்தக் குளோரின் ஹைட்ரேட்டை ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு, வாயை உருக்கி மூடி, சூடாக்கினார். படிகம் உருகி வாயு வெளிவந்தது. போக இடமில்லாமல் தன் அழுத்தத்தாலேயே திரவமானது. குளோரினைத் திரவமாக்கிய சோதனை என்று பாடநூல்கள் இதைக் கொண்டாடுகின்றன. இதே வரிசைச் சோதனைகளில் குழாய் வெடித்து ஃபாரடேயின் கண்களில் கண்ணாடித் துகள்கள் தெறித்ததும் உண்டு. மூடிய குழாயில் ஹைட்ரேட்டைச் சூடாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தக் காயமே முதல் சாட்சி. பிற்காலத்தில் எண்ணெய் வயல்களில் இதே நிகழ்வு எஃகுக் குழாய்களில் நடந்து மனிதர்களைப் பலிவாங்கியிருக்கிறது.

நூறு ஆண்டுகளுக்கு மேல் இது ஆய்வுக்கூட விநோதமாகவே இருந்தது. 1930களில் அமெரிக்கா நீண்ட தொலைவுக்கு இயற்கை வாயுக் குழாய்களைப் போட்டபோது, குளிர்காலத்தில் அவை திடீர் திடீரென அடைத்துக்கொண்டன. நீர் உறைந்து பனிக்கட்டி ஆகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருக்கும்போதும் அடைப்பது ஏன் என்ற கேள்விக்கு டெக்சஸில் ஒரு வாயு நிறுவனத்தில் பணியாற்றிய ஹாமர்ஷ்மிட் 1934இல் விடை சொன்னார்: அடைப்பது பனிக்கட்டி இல்லை, ஹைட்ரேட். எவ்வளவு தடுப்புத் திரவம் ஊற்றினால் உறையும் வெப்பநிலை எத்தனை டிகிரி இறங்கும் என்று கணக்கிட அவர் தந்த எளிய சூத்திரம் இன்றும் பொறியாளர்களின் முதல் மதிப்பீட்டுக்குப் பயன்படுகிறது. 1934க்கும் 2010க்கும் இடையே 76 ஆண்டுகள்.

வெப்ப நாட்டுக்கு இந்தக் கவலை எதற்கு என்று தோன்றலாம். சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்தால் சீறி வரும் காற்று விரலில் சில்லென்று படும். விரியும் வாயு குளிரும். உயர் அழுத்த இயற்கை வாயு ஒரு குறுகிய வால்வைத் தாண்டி விரியும்போது, அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு குறைவதற்குச் சுமார் அரை டிகிரி குளிர்கிறது. 40 மடங்கு அழுத்தம் ஒரே இடத்தில் விழுந்தால் 20 டிகிரி போய்விடும். வெளியே அக்னி நட்சத்திர வெயில் கொளுத்தினாலும் வால்வின் உள்ளே ஹைட்ரேட் படியும். ஆழ்கடலுக்கோ வெப்பமண்டலம் என்ற சலுகையே கிடையாது. வங்கக் கடலின் மேற்பரப்பு 28, 29 டிகிரியில் வெதுவெதுப்பாக இருக்கும். 1,500 மீட்டர் கீழே போனால் அங்கும் 5 டிகிரிக்குப் பக்கத்தில்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் கிணறு பொதுவாகத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். பூமிக்குள்ளிருந்து வரும் எண்ணெயும் வாயுவும் சூடாக இருப்பதால் கடல்தரைக் குழாய் ஹைட்ரேட் எல்லைக்குள் இறங்காது. ஆபத்து, ஓட்டம் நிற்கும்போது வருகிறது. புயல், மின்தடை, ஒரு வால்வுக் கோளாறு என எந்தக் காரணத்துக்காகவோ உற்பத்தி நின்றால், குழாயின் உள்ளடக்கம் மணிக்கு மணி குளிர்ந்து கடல்தரையின் குளிருக்கு வந்துவிடும். எத்தனை மணி நேரத்துக்குள் என்பது குழாயின் வெப்பக்காப்பைப் பொறுத்தது. அந்த நேரம் முடிவதற்குள் தடுப்புத் திரவத்தை உள்ளே செலுத்த வேண்டும், அல்லது அழுத்தத்தை இறக்க வேண்டும். தவறினால், மறுபடி ஓட்டத்தைத் தொடங்கும் நிமிடத்தில் வாயுவும் நீரும் கலக்கிவிடப்பட்டு ஹைட்ரேட் துகள்கள் பெருகும், சுவரில் ஒட்டும், ஒன்றையொன்று பற்றித் திரளும். குழாயின் குறுக்கே ஓர் அடைப்பான் தயார்.

அடைப்பை எடுப்பது, அடைப்பதைவிடக் கொடிய வேலை. இது சாக்கடை அடைப்பு போன்றது என்று எண்ணி ஒரு பக்கத்து அழுத்தத்தை மட்டும் திறந்துவிட்டால், மறுபக்கத்து வாயு அந்தப் பனித்தண்டைத் தள்ளும். பிடி விட்ட கணத்தில் அது குழாய்க்குள் அம்பாகப் பாய்ந்து, முதல் வளைவில் மோதி எஃகைக் கிழிக்கும். வெளியிலிருந்து நடுவில் சூடேற்றினால் உருகிய வாயு இரு முனைகளிலும் அடைபட்டு, ஃபாரடேயின் கண்ணாடிக் குழாய்போல வெடிக்கும். பாதுகாப்பான வழி பொறுமையின் வழி: இரு பக்கமும் சமமாக, மெல்ல அழுத்தத்தை இறக்கி, சுற்றியுள்ள வெப்பமே அதை உருக்கட்டும் என்று நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் காத்திருப்பது. அத்தனை நாளும் உற்பத்தி இல்லை. மேலாளரின் மேசையில் தொலைபேசி ஓயாது. அவசரப்பட்டவர்கள் இறந்த கதைகள் இத்துறையின் பாதுகாப்பு வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. சொல்லப்பட வேண்டும்.

அதனால்தான் தடுப்பு. நான்கு பொருத்தத்தில் ஒன்றைக் குலைத்தால் போதும். வாயுவை உலர்த்தி நீரை நீக்கலாம்; கரைக்கு வந்த வாயுவை டிரைஎத்திலீன் கிளைகோலில் கழுவி உலர்த்துவது இதற்காகவே. குழாய்க்குக் கம்பளிபோல வெப்பக்காப்பு போடலாம், குழாய்க்குள் குழாய் வைக்கலாம், மின்சாரத்தால் சூடேற்றலாம். இவை போதாதபோது வேதிப்பொருள்.

பழைய வேதிப்பொருள்கள் இரண்டு. ஒன்று மெத்தனால். தமிழ்நாட்டுக்கு இந்தப் பெயர் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட விஷச்சாராயத்தின் வழியாக அறிமுகம். அதே திரவம்தான் உலகெங்கும் வாயுக் குழாய்களின் காவலனாக இருக்கிறது. இன்னொன்று மோனோ எத்திலீன் கிளைகோல், காரின் ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்பானின் மூலப்பொருள். இரண்டுமே நீர் மூலக்கூறுகளின் கைகளைத் தாங்கள் பற்றிக்கொண்டு, கூண்டு முடையவிடாமல் செய்கின்றன. கடல் உப்பும் இதே வேலையைக் கொஞ்சம் செய்யும், ஆனால் இரண்டு டிகிரி அளவுக்குத்தான். ஹாமர்ஷ்மிட் சூத்திரப்படி, நீர்க்கலவையில் எடையில் 25 சதவீதம் மெத்தனால் இருந்தால் உறையும் வெப்பநிலை சுமார் 13 டிகிரி இறங்கும். அதே அளவு கிளைகோலுக்கு 7 டிகிரிதான். பிறகு ஏன் கிளைகோல்? மெத்தனாலில் ஒரு பகுதி ஆவியாகி வாயுவோடு போய்விடும், இன்னொரு பகுதி எண்ணெயில் கரைந்து சுத்திகரிப்பு ஆலைக்குத் தலைவலி தரும். கிளைகோல் நீரோடு திரும்பி வரும். நீரைக் கொதிக்கவைத்துப் பிரித்து, மீண்டும் கடலுக்கடியில் அனுப்பலாம்.

நார்வேயின் ஓர்மன் லாங்கே வயலில் 2007இலிருந்து இதுதான் நடக்கிறது. அங்கே கடல்தரை உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 1 டிகிரி. கரையிலுள்ள நீஹம்னா ஆலையிலிருந்து 120 கி.மீ. தூரத்துக்கு ஆறு அங்குலக் குழாய்கள் இரண்டில் கிளைகோல் போகிறது. 30 அங்குலக் குழாய்கள் இரண்டில் வாயுவோடு சேர்ந்து திரும்புகிறது. ஒருபக்கம் வாயு நகரத்துக்குப் போக, மறுபக்கம் கிளைகோல் ஓயாமல் வட்டமடிக்கிறது. அது நின்றால் வாயுவும் நிற்க வேண்டும். கிருஷ்ணா–கோதாவரி படுகையின் டி6 வட்டாரத்தில் 2009 ஏப்ரலில் வாயு உற்பத்தி தொடங்கியபோது இந்தியாவும் இதே கிளைகோல் முறைக்குள் வந்தது. 2020 டிசம்பரில் அங்கே திறந்த 'ஆர் கிளஸ்டர்' வயல் 2,000 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் ஓ.என்.ஜி.சி.யும் பக்கத்து ஆழ்கடல் வட்டாரத்திலிருந்து முதல் எண்ணெயை எடுத்தது.

ஊற்றும் அளவுதான் பழைய முறையின் சிக்கல். நீர் எவ்வளவு வருகிறதோ அதற்கேற்ப மெத்தனாலோ கிளைகோலோ வேண்டும். வயதான கிணறு நாளுக்கு நாள் அதிகமாக நீரைத் தரும். தடுப்புத் திரவத்தின் செலவு வருமானத்தைத் தின்னத் தொடங்கும். இதற்கு விடையாக 1990களில் வந்தவை சிற்றளவுத் தடுப்பான்கள். நீரின் எடையில் ஓரிரு சதவீதமோ அதற்கும் குறைவோ போதும். இவற்றில் இரண்டு சாதி.

முதல் வகை காலத்தை விலைக்கு வாங்குவது. பாலிவினைல் கேப்ரோலாக்டம் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், அரும்பும் படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாமல் பிடித்துவைக்கும். நிரந்தரமாக இல்லை, சில மணி நேரம், சில நாள். அதற்குள் திரவம் குளிர்ப்பகுதியைக் கடந்துவிட்டால் பிழைத்தோம். மிக ஆழமான, மிகக் குளிர்ந்த இடங்களில் இதன் பிடி தளர்ந்துவிடும். இரண்டாம் வகை ஹைட்ரேட் உருவாவதைத் தடுப்பதே இல்லை. சோறு குழையாமல் உதிரி உதிரியாக இருக்கச் சமையல்காரர் ஒரு கரண்டி எண்ணெய் விடுவாரே, அந்த உத்தி. குவாட்டர்னரி அம்மோனியம் உப்புகள் போன்றவை துகள்களைப் பூசிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் செய்யும். ஹைட்ரேட் உதிரியாக, எண்ணெயோடு எண்ணெயாக மிதந்து கரை சேரும்.

இரண்டிலும் ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கேப்ரோலாக்டம் சங்கிலி எளிதில் மட்காது. அம்மோனியம் உப்புகள் கடல் உயிர்களுக்கு நஞ்சு. வட கடல் நாடுகள் இத்தகைய பொருள்களைக் கடலில் கலக்கக் கடும் நிபந்தனை விதிப்பதற்கு இதுவே காரணம். மாற்று தேடியவர்கள் இயற்கையிடம் போனார்கள். உறைகடலில் வாழும் ஒருவகைத் தட்டைமீனின் ரத்தத்தில், பனிக்கட்டிப் படிகம் வளராமல் தடுக்கும் புரதம் உண்டு; அது ஹைட்ரேட்டையும் கட்டுப்படுத்துவதைக் கனடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். அமினோ அமிலங்கள் ஆய்வில் இருக்கின்றன. 2007இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, சிறிது மாற்றியமைத்த மாவுச்சத்துகள் ஹைட்ரேட் தோன்றுவதைத் தாமதப்படுத்துகின்றன என்று வெளியிட்டது. அவர்கள் சோதித்தவற்றில் ஒன்று மரவள்ளி மாவு.

சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளின் முற்றத்தில் வெள்ளை வெளேரென்று காய்கிற அதே மாவு. ஆய்வுக்கூடக் குடுவையில் வென்றது 2,000 மீட்டர் ஆழத்தில் வெல்லும் என்று யாரும் வாக்குத் தர முடியாது. ஆனால் மலிவான, மட்கக்கூடிய, விவசாயியின் நிலத்தில் விளையும் ஒரு மூலப்பொருளை இந்தத் திசையில் சோதித்துப் பார்க்க, மூலப்பொருளும் ஆய்வுக்கூடமும் ஒரே மாநிலத்தில் இருக்கும் இடம் உலகில் அதிகம் இருக்காது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஹைட்ரேட் ஆய்வு நடக்கிறது. பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அதன் ஆளில்லா நீர்மூழ்கியான 'ரோசப் 6000' 2010இல் 5,000 மீட்டருக்கும் கீழே இறங்கிய கருவி.

இந்தியாவில் ஹைட்ரேட் என்றால் செய்தித்தாள்கள் இதுவரை ஒரு கதையைத்தான் சொல்லிவந்திருக்கின்றன: கடலுக்கடியில் புதைந்த எரிசக்திப் புதையல். 2006இல் 'ஜாய்டஸ் ரெசல்யூஷன்' கப்பல் கிருஷ்ணா–கோதாவரி படுகையில் 100 மீட்டருக்கும் தடித்த ஹைட்ரேட் அடுக்கைக் கண்டது. அந்தமான் கடலில் எரிமலைச் சாம்பலுக்குள் ஹைட்ரேட் இருப்பதையும் கண்டது. 2015இல் ஜப்பானின் 'சிக்யூ' கப்பல் வந்து மணற்பாங்கான படிவுகளைத் தேடித் துளையிட்டது. நல்ல அறிவியல், பெருமைப்படலாம். எடுப்பதுதான் பெரும்பாடு. ஜப்பான் 2013இல் தன் கடலில் நடத்திய முதல் உற்பத்திச் சோதனை ஆறு நாளில் மணல் புகுந்து நின்றது. சீனா 2020இல் தென்சீனக் கடலில் 30 நாளில் 8.6 லட்சம் கனமீட்டர் எடுத்தது. வணிக உற்பத்திக்கு அது இன்னும் வெகு தூரம்.

புதையல் என்றைக்கோ வரலாம், வராமலும் போகலாம். குழாய்களும் கிணறுகளும் இன்றே கடலுக்கடியில் இருக்கின்றன. புதையலை எடுக்கத் தேவையான அறிவும் குழாயைக் காக்கத் தேவையான அறிவும் ஒன்றே: கூண்டு எப்போது பின்னும், எப்போது அவிழும். ஆனால் ஊக்கமும் பணமும் தலைப்புச் செய்தியும் முதலாவதற்கே போகின்றன. ஒரு பொறியாளர் தன் வாழ்நாள் முழுவதும் ஒரு குழாயும் அடைக்காமல் பார்த்துக்கொண்டால், அவர் பெயர் எந்தச் செய்தியிலும் வராது. இந்த ஏற்றத்தாழ்வை அரசு தன் ஆய்வு நிதியால் சரிசெய்ய முடியும், செய்ய வேண்டும்.

இரண்டாவது கோரிக்கை பணம் சம்பந்தப்பட்டது இல்லை. மெக்சிகோ வளைகுடாவில் குவிமாடம் தோற்ற சில நாளில், மே நடுவில், உடைந்த 21 அங்குலக் குழாய்க்குள் நான்கு அங்குலக் குழாய் ஒன்றைச் செருகினார்கள். இம்முறை அதோடு மெத்தனாலும் சேர்ந்தே போனது. எண்ணெய் மேலே வந்தது. ஜூன் தொடக்கத்தில் வைத்த சிறிய மூடியிலும் மெத்தனால் பாய்ச்ச முன்னேற்பாடு இருந்தது. அதுவும் வேலை செய்தது. குவிமாடத்தின் தோல்விக்கும் இவற்றின் வெற்றிக்கும் இடையே புதிய கண்டுபிடிப்பு எதுவும் நிகழவில்லை. கையிலிருந்த மருந்தை, கருவி கடலில் இறங்கும் முன்பே சேர்த்துவைத்தார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவில் கடல்சார் எண்ணெய்ப் பணிகளின் பாதுகாப்புக்கு 2008ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகம் அவற்றைக் கண்காணிக்கிறது. ஒவ்வோர் ஆழ்கடல் வட்டாரத்துக்கும் அந்த இயக்குநரகம் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கி, மக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். ஓட்டம் நின்றால் குழாய் ஹைட்ரேட் எல்லைக்குள் வர எத்தனை மணி நேரம்? அதற்குள் தடுப்புத் திரவம் எங்கிருந்து, எந்தக் குழாய் வழியே போகும்? கிளைகோல் குழாயே உடைந்தால்? கிணறு கட்டுமீறினால் கவிழ்க்கப் போகும் மூடி எங்கே நிற்கிறது, அதில் மெத்தனால் பாய்ச்சும் வசதி உண்டா, கடைசியாக அதைக் கடலில் இறக்கிப் பழகியது எந்தத் தேதியில்? தொழில் ரகசியம் எதுவும் இவற்றில் இல்லை.

இந்தக் கேள்விகளைத் தமிழ்நாடும் கேட்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், கிழக்குக் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடுகிறது. கிருஷ்ணா–கோதாவரி வயல்கள் உள்ள காக்கிநாடாவுக்கு அப்பால் கொட்டுவது காக்கிநாடாவோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதி இல்லை. காசிமேட்டு விசைப்படகுகள் ஆந்திரக் கடல்வரை போய் வலை விரிப்பவை. கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன நடக்கும் என்பதை அந்தக் குப்பத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 ஜனவரி இறுதியில் காமராஜர் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, எண்ணூரிலிருந்து மெரினாவுக்குத் தெற்கே வரை கருப்புச் சேறு ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளில் அதை அள்ளினார்கள். கருவிகள் இல்லாமலா போயின? உரிய நேரத்தில் உரிய இடத்தில் இல்லை. அது கரையோரம், கைக்கெட்டும் தொலைவில். 2,000 மீட்டர் ஆழத்தில் வாளி இல்லை.

மெக்சிகோ வளைகுடாவில் ஓரமாக உட்காரவைத்த அந்தக் குவிமாடத்தை எல்லோரும் மறந்துபோனார்கள். 2012 செப்டம்பரில், கிணறு மூடி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, விபத்து நடந்த இடத்துக்கு மேலே கடல்நீரில் எண்ணெய்ப் படலம் பளபளப்பது தெரிந்தது. கிணறு மறுபடியும் கசிகிறதோ என்ற பதற்றத்தோடு ரோபோ வாகனங்களைக் கீழே அனுப்பினார்கள். கிணறு பத்திரமாக இருந்தது. கைவிடப்பட்ட குவிமாடம் கடல்தரையில் அப்படியே நின்றிருந்தது. 2010 மே மாதத்தில் அதற்குள் சிறைப்பட்ட எண்ணெய், உச்சித் துளை வழியே சொட்டுச் சொட்டாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அக்டோபரில் அந்தத் துளைக்கு ஒரு மூடி செய்து போட்டார்கள்.